சைக்கிள் டைனமோவிலிருந்து செதுக்குப் பொறி வரை



இடம்பெயர்ந்த நாட்களில் எமது குடும்பங்கள் பலவற்றால் கையோடு கொண்டு போக முடிந்தது ஒரு சைக்கிளை மட்டும்தான். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, பற்றரி கிடைக்காத யாழ்ப்பாணத்து மக்கள் சைக்கிளை நிறுத்தி வைத்து, பின்சில்லைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டார்கள். வெளிச்சத்துக்கென்று செய்யப்பட்ட ஒரு சிறிய பொருள் அவர்களுக்கு உலகத்தோடு தொடர்பைக் கொடுத்தது.

அந்த டைனமோவை ஒரு நாள் கழற்றிப் பாருங்கள். நடுவில் ஒரு காந்தம் சுழல்கிறது. அதைச் சூழ, அசையாத ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. உரசித் தேய்கின்ற காபன் எதுவும் அதில் இல்லை. காந்தத்தைச் சுழற்றினால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இதையே மறுபுறமாகச் செய்து, சுருளுக்கு முறையாக மின்சாரம் கொடுத்தால் காந்தம் சுழலும். அதுதான் காபன் இல்லாத மோட்டர். அப்படி ஒன்றை எமது பட்டறையிலேயே செய்து, மரம் செதுக்கும் பொறிக்குப் பூட்டுவது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சுழல்தண்டு என்றால் என்ன?

படுவான்கரையில் மீளக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர், வயல் வேலை இல்லாத மாதங்களில் தச்சுத் தொழிலைப் பழகுகிறார்கள். கணினி வழிநடத்தும் செதுக்குப் பொறியைப் பற்றி அவர்கள் கேட்கிறார்கள். சி.என்.சி. என்று சொல்லப்படும் இப்பொறி வெட்டலகை இடம் வலமாகவும், முன் பின்னாகவும், மேல் கீழாகவும் கொண்டு செல்லும். கணினியில் வரைந்த பூவோ எழுத்தோ பலகையில் வந்துவிடும். வெட்டலகைப் பிடித்து வேகமாகச் சுழற்றும் பகுதிக்குப் பெயர் சுழல்தண்டு, அதாவது ஸ்பின்டில்.

கையில் பிடித்து வேலை செய்யும் மின் றூட்டரையே பலர் சுழல்தண்டாகப் பூட்டுகிறார்கள். அதில் காபன் உண்டு. தொடர்ந்து ஓடினால் காபன் தேயும், பொறி பறக்கும், சத்தம் காதைப் பிளக்கும். காபன் இல்லாத மோட்டரில் இந்தத் தொல்லைகள் குறைவு. அதில் சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் வேலையை ஓர் இலத்திரனியல் கட்டுப்படுத்தி செய்கிறது.

கையால் செய்து காட்டியவர்கள்

மோட்டர் செய்வது பெரிய நாடுகளுக்கே உரிய வேலை என்று எண்ண வேண்டாம். கோயம்புத்தூர் பருத்தி விளையும் பூமி. பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் 1930களில் அங்கு வந்தபோது கிணற்று நீரிறைக்க மோட்டர்கள் தேவைப்பட்டன. 1937இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டரை அங்கு உருவாக்கினார்கள். இன்று கோவை நீர்ப்பம்பிகளுக்குப் பெயர்பெற்ற நகரம்.

காபன் இல்லாத சிறு மோட்டருக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடிமியம் என்ற மிக வலிமையான காந்தம் உருவாக்கப்பட்டது. பின்னர் ஜேர்மனியில் லூக்காஸ், றெற்ஸ்பாக், கூஃபுஸ் ஆகிய மூவர் மாதிரி விமானங்களுக்காக வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு மோட்டரை வடிவமைத்தார்கள். 2000களின் தொடக்கத்தில், பழுதான சீ.டி. இயந்திரங்களின் மோட்டரைக் கழற்றி, கம்பியையும் காந்தத்தையும் மாற்றி, பலரும் இதைச் செய்து பார்த்தார்கள். எமக்குப் பொருத்தமானதும் இந்த வடிவமே.

மோட்டர் செய்யும் முறை

நடுவில் அசையாத இரும்புக் கருவில் வெளிநோக்கிய 12 பற்கள் இருக்கும். அதை மூடிச் சுழலும் இரும்பு வளையத்தின் உட்புறத்தில் 14 காந்தங்கள், வடக்கு தெற்கு என மாறி மாறி ஒட்டப்படும். கருவைக் கட்டி இரும்பில் கடையக் கூடாது. காந்தப்புலம் விரைவாக மாறுவதால் கட்டி இரும்பு சூடாகிவிடும். பழுதான மோட்டரிலிருந்து மெல்லிய தகடுகளை அடுக்கிய கருவை எடுங்கள்.

ஒன்று விட்டு ஒன்றாக ஆறு பற்களில் மட்டும் எனாமல் பூசிய செப்புக் கம்பி சுற்ற வேண்டும். பல்லை வெளியிலிருந்து நேரே பார்த்து, முதலாம் சுருளை 1ஆம் பல்லில் வலப்பக்கமாகவும், அதே கம்பியை எதிரேயுள்ள 7ஆம் பல்லில் இடப்பக்கமாகவும் சுற்றுங்கள். இரண்டாம் சுருள் 9ஆம் பல்லில் வலமாகவும் 3ஆம் பல்லில் இடமாகவும் வரும். மூன்றாம் சுருள் 5ஆம் பல்லில் வலமாகவும் 11ஆம் பல்லில் இடமாகவும் வரும். மூன்றின் கடைசி முனைகளையும் ஒன்றாகப் பற்றவைத்து, முதல் முனைகளைக் கட்டுப்படுத்திக்குக் கொடுங்கள். எல்லாப் பற்களிலும் சுற்று எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

காந்தங்கள் ஏன் வெளிவளையத்தில் இருக்க வேண்டும்? 3 கிராம் காந்தம் ஒன்று, மையத்திலிருந்து 20 மில்லிமீற்றர் தூரத்தில், நிமிடத்துக்கு 12,000 தடவை சுழலும்போது ஏறக்குறைய 10 கிலோ பாரத்தின் விசையோடு வெளியே பாயப் பார்க்கும். வளையத்தின் உட்புறத்தில் இருந்தால் அந்த விசை காந்தத்தை இரும்போடு அழுத்தும். உள்ளே சுழலும் தண்டின் மேல் ஒட்டினால் அதே விசை அதைப் பிய்த்து எறியும்.

வேகக் கணக்கு

வெறுமையாக ஓடும்போது ஒரு வோல்ற்றுக்கு 500 சுற்றுச் சுழலும் மோட்டருக்கு, உழவு இயந்திரப் பற்றரி இரண்டைத் தொடுத்து 24 வோல்ற் கொடுத்தால், நிமிடத்துக்கு 12,000 சுற்றுக் கிடைக்கும். கம்பிச் சுற்றை இரட்டிப்பாக்கினால் வேகம் பாதியாகும். 12 அம்பியர் எடுத்தால் வலு 288 வாற்று. முதிரையிலும் பாலையிலும் ஆழமாக வெட்ட இது போதாது. ஒவ்வொரு மில்லிமீற்றராகப் பல தடவை இறக்கி வெட்ட வேண்டும். இரண்டு வாய் உள்ள வெட்டலகின் ஒவ்வொரு வாயும் 0.05 மில்லிமீற்றர் சீவினால், பொறி நிமிடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் நகர வேண்டும். அதைவிட மிக மெதுவாக நகர்ந்தால் வெட்டலகு சீவாமல் உரசி மரத்தைக் கருக்கும்.

வாங்க வேண்டியதை வாங்குங்கள்

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் இப்படி ஒரு மோட்டர் செய்தார். தண்டையும் தானே கடைந்தார். கதவுப் பலகையில் செதுக்கியபோது எழுத்துக்கள் தடித்தன, வெட்டலகு முறிந்தது, வேளாண்மைக் காசில் வாங்கிய முதிரைப் பலகை வீணாயிற்று. கம்பியில்தான் பிழை என்று நினைத்து மூன்று தடவை மாற்றிச் சுற்றினார். கடைசியில் அளந்து பார்த்தபோது தண்டு 0.2 மில்லிமீற்றர் ஆடியது. கம்பியில் ஒரு பிழையும் இல்லை.

ஆகவே மோட்டரைச் செய்யுங்கள், தண்டை வாங்குங்கள். இ.ஆர்.11 என்ற கொலெற் பிடியோடு நேராக அரைக்கப்பட்ட தண்டு கிடைக்கும். அது 7 மில்லிமீற்றர் வரையுள்ள வெட்டலகைப் பிடிக்கும். வெட்டலகுப் பக்கத்தில் கோணத் தொடுகைப் பெயரிங்கும், மேற்பக்கத்தில் சாதாரண பெயரிங்கும் போட்டு, ஒரு வில்லால் சற்று அழுத்தி வையுங்கள். அப்போது தண்டு மேலும் கீழும் ஆடாது. மரத்தூள் புகாத மூடிய பெயரிங்காகப் பாருங்கள். ஆட்டம் 0.02 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது.

மோட்டரைத் தண்டோடு நேரே பொருத்தாமல் பக்கத்தில் வைத்துப் பெல்ற் போடுங்கள். வெட்டும் விசை மோட்டரைத் தாக்காது. ஒன்று பழுதானால் மற்றதைக் கழற்றாமல் திருத்தலாம்.

முதலில் டைனமோவாகச் சோதியுங்கள்

மின்சாரம் கொடுக்கும் முன் மோட்டரைத் துளைபொறியில் பூட்டிச் சுழற்றுங்கள். மூன்று முனைகளில் இரண்டிரண்டாக எடுத்து, மீற்றரை ஏ.சி. வோல்ற்றில் வைத்து அளவுங்கள். மூன்று அளவும் சமமாக இருந்தால் சுற்று சரி. அளவுகள் வேறுபட்டால் எண்ணிக்கையோ திசையோ பிழைத்திருக்கிறது. அதன் பின்பே பற்றரியைத் தொடுங்கள். இடையில் பியூஸ் கட்டாயம் வேண்டும், ஏனெனில் பற்றரி ஒரு நொடியில் கம்பியை உருக்கிவிடும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியசுக்கு மேல் வலிமை இழக்கத் தொடங்கும். கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்துங்கள். மோட்டருக்கு ஒரு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி அவசியம். பிள்ளைகளை எட்ட வையுங்கள்.

முழுதாக வாங்கிய சுழல்தண்டு எரிந்தால், அதைத் திருத்தத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும், அல்லது இன்னொன்றுக்குக் காசு தேட வேண்டும். தன் கையால் சுற்றியவர், ஒரு சுருள் கம்பியும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் மறுநாள் வேலைக்குப் போவார். காணியையும் மாட்டையும் விட்டு ஓடி வந்த எமக்கு இந்த வேறுபாடு நன்றாக விளங்கும். உங்கள் வீட்டுப் பழைய சைக்கிள் டைனமோவை எறிந்துவிடாதீர்கள். அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து கழற்றிப் பார்த்து, முதற் பாடத்தை அதிலிருந்தே தொடங்குங்கள்.