தொட்டியில் ஓடும் கப்பல்

இலத்திரனியல் படித்த பிள்ளைக்கு என்ன தொழில் கிடைக்கும் என்று கேட்டால், "ரேடியோ, டி.வி. திருத்தலாம்" என்பதே நம் வீடுகளில் பலரது பதில். கப்பல் கட்டும் துறையிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு என்பதைத் தாய்மார் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அதுவும் கடலுக்கே போகாமல்!

பெரிய கப்பலொன்றைக் கட்டுமுன், அதே வடிவில் சில மீற்றர் நீளமான மாதிரி செய்து, நீண்ட தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்ப்பார்கள். இதை முறைப்படுத்தியவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தின் டோர்க்கீ நகரில், தம் வீட்டருகே அமைத்த தொட்டியில் 1872இல் ஆய்வைத் தொடங்கினார். மாதிரிகளை மெழுகில் வார்த்தார். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1939இல் அமைந்த டேவிட் டெய்லர் தொட்டியோ மிக நீண்டது. பூமியின் வளைவுக்கேற்பவே அதன் தண்டவாளங்களைப் பதித்திருக்கிறார்கள். தண்ணீரும் அவ்வளைவில்தானே நிற்கிறது! சுப்ஹானல்லாஹ்.

அத்தண்டவாளத்தில் ஓடும் வண்டி மாதிரியை இழுத்துச் செல்லும். அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது? இதை அளப்பதே இலத்திரனியல் பொறியியலாளரின் பொறுப்பு. ஃபுரூட் காலத்தில் சுருள்வில்லும் பேனாவும் காகித உருளையும் போதுமாயிருந்தன. இன்று உலோகத் துண்டொன்றில் மயிரிழை போன்ற கம்பியை ஒட்டுகிறார்கள். இழுபடும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும். கம்பியின் மின்தடை சற்று மாறும். கிடைப்பது ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பெருக்கிக் கணினிக்கு அனுப்ப வேண்டும். பக்கத்திலோ வண்டியை ஓட்டும் பெரிய மோட்டார்! அதன் மின் இரைச்சல் கலந்தால் கணக்குப் பிசகும். இணைப்பில் ஈரம் பட்டாலும் அப்படியே.

மாதிரி, கப்பலின் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். விசை ஏறக்குறைய 15,625 மடங்காகும். தொட்டியில் ஒரு கிராம் பிழை, கடலில் பதினைந்து கிலோவுக்கு மேல். ஆகவே நிறை தெரிந்த படிகளைத் தொங்கவிட்டுக் கருவியைச் சோதிப்பார். ஓர் ஓட்டம் முடிந்தால் நீர் அடங்கும்வரை காத்திருந்து, பூச்சியம் பூச்சியத்தில்தான் நிற்கிறதா எனப் பார்த்தே அடுத்ததைத் தொடங்குவார். சலிப்பூட்டும் வேலைதான். சூரா அர்-ரஹ்மானில் தராசும் வருகிறது, கடலில் செல்லும் கப்பல்களும் வருகின்றன; இவருக்கு இரண்டும் ஒரே கூரையின் கீழ். நிறுவையில் மோசடி செய்யும் கடைக்காரரைப் பற்றி நாங்கள் பயான் செய்கிறோம். தனக்குப் பிடிக்காத அளவை அழித்துவிடும் பொறியியலாளரும் அதே வரிசையில்தான் நிற்கிறார் என்பது என் எண்ணம்.

இது எரிபொருள் செலவு பற்றிய விடயம் மட்டுமன்று. 1994 செப்டம்பர் 28 அதிகாலையில் 'எஸ்டோனியா' என்ற பயணிகள் கப்பல் பால்டிக் கடலில் மூழ்கி 852 பேர் மாண்டனர். வாகனத் தட்டுக்குள் கடல்நீர் புகுந்திருந்தது. 1996இல் வட ஐரோப்பிய நாடுகள் சில ஸ்டொக்ஹோமில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. பக்கம் உடைந்து நீர் புகுந்தாலும் இத்தகைய கப்பல் தாக்குப்பிடிக்க வேண்டும். அதை நிரூபிக்கும் வழிகளில் ஒன்று, மாதிரியின் பக்கத்தில் ஓட்டையிட்டு அலைகளுக்கு நடுவே விடுவது.

அலையின் உயரத்தைச் சொல்பவை நீரில் நிற்கும் இரு மெல்லிய கம்பிகள். நீர் உயர உயர அவற்றுக்கிடையே பாயும் மின்சாரம் கூடும். மாதிரி எத்தனை பாகை சரிந்தது என்பதை அளக்கவும் கருவி உண்டு. அளவு சுருங்கினால் நேரமும் சுருங்கும். கடலின் அரை மணித்தியாலம் இங்கே ஆறு நிமிடம். அதற்குள் மாதிரி கவிழ்ந்தால், கப்பல்காரர் எவ்வளவு செலவானாலும் வடிவத்தை மாற்றியாக வேண்டும்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவை எடுத்துப் பொறியியல் பீடம் புக விரும்பும் மகள் உங்கள் வீட்டில் இருந்தால், இப்பக்கத்தை அவளிடம் கொடுங்கள்.