ஓடும் வண்டியில் கைபேசி: அலைத்தடப் பின்னூட்டத்தைச் சுருக்கும் வழிகள்

கைபேசிக் கோபுரத்திலிருந்து புறப்படும் ரேடியோ அலை ஒரே நேர்கோட்டில் வந்து சேர்வதில்லை. கட்டடங்களிலும் பாலங்களிலும் எதிரே வரும் லாரிகளிலும் பட்டுத் தெறித்து, வெவ்வேறு தொலைவைக் கடந்த பல அலைகளாகக் கைபேசியை அடைகிறது. அவை ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சில சென்டிமீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழிக்கின்றன. அனுப்பும் ஆண்டெனாவுக்கும் பெறும் ஆண்டெனாவுக்கும் இடையே அலைக்கு நேரும் இம்மாற்றங்கள் அனைத்தையும் சேர்த்தே பொறியாளர்கள் சேனல், அதாவது அலைத்தடம், என்கின்றனர்.

இன்றைய கோபுரம் 32 ஆண்டெனாக் கூறுகளைக் கொண்டு ஒரு பயனரை நோக்கி அலையைக் குவிக்க வேண்டுமானால், அவரை எட்டும் அலைத்தடத்தை அது முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் ஏறுவழிக்கும் கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் இறங்குவழிக்கும் ஒரே அதிர்வெண்ணைப் பயன்படுத்தும் அமைப்புகளில், கைபேசி அனுப்பும் சைகையை வைத்தே கோபுரம் பெருமளவு கணித்துக்கொள்ளலாம். ஆனால் 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இவ்விரண்டுக்கும் இடையே 190 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதால் அவ்வழி அடைபடுகிறது. எனவே கோபுரம் அனுப்பும் குறிப்புச் சைகையைக் கைபேசி அளந்து, அளவீட்டைத் திருப்பி அனுப்புகிறது, இதுவே பின்னூட்டம்.

இந்த அளவீட்டு அறிக்கையைச் சுருக்காமல் அனுப்பினால் என்ன ஆகும்? 32 ஆண்டெனாக்களுக்கும், அலைவரிசையைப் பகுத்த 13 துண்டுகளுக்கும், வீச்சையும் கட்டத்தையும் (அலையின் சுழற்சி எந்நிலையில் உள்ளது என்பதை) குறிக்கத் துண்டுக்கு இரண்டு எண்கள் வீதம், ஓர் எண்ணுக்கு 8 பிட் என்று கொண்டால், ஒரே அறிக்கை 6,656 பிட்டுகளாகிறது. அதை மில்லிசெகண்டுக்கு ஒரு முறை அனுப்ப நேர்ந்தால், ஒரு கைபேசியே நொடிக்கு 66 லட்சம் பிட்டுகளைப் பயனரின் தரவு எதுவுமின்றி வெறும் அளவீட்டுக்காகச் செலவிடும்.

மில்லிசெகண்டுக்கு ஒரு முறை என்பது மிகைப்படுத்திய கணக்கன்று. இந்த அலைவரிசையில் அலைநீளம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். கைபேசி அதில் பாதியான 7 சென்டிமீட்டர் நகர்ந்தாலே பழைய அளவீடு பெரும்பாலும் பயனற்றதாகிவிடுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு அவ்வளவு நகர 50 மில்லிசெகண்டு ஆகும். 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்கு 2 மில்லிசெகண்டு போதும். 350 கிலோமீட்டர் வேக ரயிலில் அது ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு.

சுருக்குவதற்கான முதல் வழி திசையைப் பற்றியது. அலைகள் எல்லாத் திசைகளிலும் பரவி வருவதில்லை, சில திசைகளிலேயே குவிகின்றன என்பதால், 2018இல் வெளிவந்த 5ஜி தரவரையறை, திசைக்கொன்றாக முன்பே வகுத்த கற்றைகளிலிருந்து நான்கு வரை தேர்ந்து, அவற்றின் கலவையை மட்டும் கைபேசி தெரிவித்தால் போதும் என்றது. 2020ஆம் ஆண்டின் பதிப்பு, அலைகள் வந்து சேரும் காலத்தாமதங்களும் சிலவே என்பதைப் பயன்படுத்தி, அதிர்வெண் துண்டுகளின் விவரத்தையும் சுருக்கியது.

வேகமாகச் செல்வோருக்கு இவை மட்டும் போதா. அறிக்கை சிறிதானாலும் விரைவில் காலாவதியாகிவிடுகிறதே. இங்குதான் கூர்ந்து நோக்க வேண்டிய உண்மை ஒன்று உள்ளது. 120 கிலோமீட்டர் வேக வண்டி 10 மில்லிசெகண்டில் 33 சென்டிமீட்டர் நகர்கிறது. அதற்குள் அலைகளின் கூட்டுத்தொகை முற்றிலும் மாறிவிடுகிறது. ஆனால் 200 மீட்டர் தொலைவிலுள்ள கட்டடத்திலிருந்து தெறித்து வரும் அலையின் திசை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு அளவே மாறுகிறது. காலத்தாமதம் ஏறத்தாழ ஒரு நானோசெகண்டுக்கு மேல் மாறுவதில்லை. முன்னிருந்து வரும் அலையின் அதிர்வெண் கூடுவதும் பின்னிருந்து வருவதன் அதிர்வெண் குறைவதுமாகிய டாப்ளர் விலகல், இவ்வேகத்தில் 238 ஹெர்ட்ஸ் வரை இருந்தாலும், ஒவ்வொரு பாதைக்கும் அந்த இடைவெளியில் அது ஏறக்குறைய நிலையானது. ஆகவே ஒவ்வொரு பாதையின் கட்டமும் தனக்குரிய சீரான வேகத்தில் சுழல்கிறது. அவ்வேகங்கள் தெரிந்துவிட்டால் அடுத்த சில மில்லிசெகண்டுகளின் அலைத்தடத்தைக் கணித்துவிடலாம்.

5ஜி தரவரையறையின், 2024இல் முடிவு செய்யப்பட்ட 18ஆம் பதிப்பு இக்கணிப்பைத் தன்னுள் கொண்டுவந்தது. கோபுரம் அடுத்தடுத்து அனுப்பும் பல குறிப்புச் சைகைகளை அளக்கும் கைபேசி, வரவிருக்கும் பல காலத் துண்டுகளுக்கான கற்றைக் கலவையை டாப்ளர் கூறுகளாகச் சுருக்கி ஒரே அறிக்கையில் தருகிறது. இதற்கு விலையும் உண்டு: குறிப்புச் சைகைகள் கூடுகின்றன, கைபேசியின் கணக்கீட்டு உழைப்பும் பெருகுகிறது.

நரம்பு வலையமைப்பைக் கொண்டு பின்னூட்டத்தைச் சுருக்கும் ஆய்வுகள் 2018 முதல் வேகம் பெற்றுள்ளன. அவற்றின் சுருக்கத்திறன் கவர்ச்சியானதே. ஆயினும் கைபேசி சுருக்கியதைக் கோபுரம் விரிக்க வேண்டியிருப்பதால், வெவ்வேறு நிறுவனங்கள் உருவாக்கும் இரு பக்கங்களும் ஒரே பயிற்சியோடு பொருந்தியாக வேண்டும் என்பது பெரிய நடைமுறைத் தடையாக நிற்கிறது. அலைகளின் பௌதிக இயல்பைச் சார்ந்த டாப்ளர் வழிக்கு இத்தடை இல்லை என்பதால், இன்றைய நிலையில் அதுவே உறுதியான வழி. எனினும் ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழையும் கணத்தில் பழைய பாதைகள் மறைந்து புதியவை தோன்றுவதால், அங்கே எந்தக் கணிப்பும் உதவாது. அளவீட்டைப் புதிதாகவே தொடங்க வேண்டும்.