ஹெல்சிங்கி – டோக்கியோ: மூன்றரை மணி நேரச் சுற்று

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். 2022 பிப்ரவரி வரை ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட முடிந்தது. இன்று அதே பயணத்துக்குச் சுமார் 13 மணி நேரம் ஆகிறது. விமானத்தின் வேகம் குறைந்துவிடவில்லை. நடுவே விரிந்து கிடக்கும் ரஷ்ய வான்வெளி மூடிக்கொண்டதுதான் காரணம்.

உலக உருண்டையில் இந்த இரு நகரங்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வடக்கே வளைந்து சைபீரியாவின் மேல் போகும். பூமி உருண்டை என்பதால் அதுதான் குறுக்குவழி. ஐரோப்பாவின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் ஹெல்சிங்கி, ஆசியப் பயணிகள் விமானம் மாறும் நிலையமாக வளர்ந்ததே இந்த வழியை நம்பித்தான். பின்லாந்தின் பின்ஏர் நிறுவனம் தன் வியாபாரத்தையே இதன்மேல் கட்டியது.

அந்த வழி எல்லாக் காலத்திலும் திறந்திருக்கவில்லை. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, ஒவ்வொரு நாட்டின் வான்வெளியும் அந்த நாட்டுக்கே சொந்தம். தரையிறங்காமல் கடந்துபோகும் உரிமையை நாடுகள் ஒன்றுக்கொன்று வழங்கும் தனி ஒப்பந்தமும் அதே ஆண்டில் பிறந்தது. சோவியத் யூனியன் அதில் சேரவில்லை, ரஷ்யாவும் சேரவில்லை. அதனால் பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போன விமானங்கள் பல, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் போயின. 1983இல் பின்ஏர், டிசி-10 விமானத்தை வடதுருவத்தின் மேலாக எங்கும் நிற்காமல் டோக்கியோவுக்கு ஓட்டியது. அதற்குப் பிடித்தது ஏறத்தாழ 13 மணி நேரம்.

பனிப்போர் முடிந்த பிறகு சைபீரிய வழி தாராளமாகத் திறந்தது. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. ரஷ்யா பதிலுக்கு மூடியது. பின்ஏர் மீண்டும் துருவ வழிக்கும், மத்திய ஆசியா வழியான தெற்குச் சுற்றுக்கும் திரும்பியது. விமானம் மட்டும் நவீன ஏ350. நேரமோ மறுபடி 1983இன் கணக்குக்கே போய்விட்டது.

சுற்றிப் போனால் எரிபொருள் கூடுதலாக எரிகிறது, புகை கூடுகிறது, விமானிகள் கூடுதலாகத் தேவைப்படுகிறார்கள், சரக்குக்கு இடம் குறைகிறது. சீன விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் திறந்தே இருப்பதால், ஐரோப்பிய நிறுவனங்கள் போட்டியில் பின்தங்குகின்றன. இந்தச் சுமையில் ஒரு பங்கு பயணச்சீட்டு விலையில் வந்து விழுகிறது.

நாற்பது ஆண்டுகளில் இஞ்சின்கள் மெருகேறின, இறக்கைகள் மாறின. அத்தனை முன்னேற்றமும் சேர்ந்து மீட்க முடியாத மூன்றரை மணி நேரத்தை, போர் முடிந்து எல்லைகள் திறந்தால் ஒரே நாளில் மீட்டுவிடலாம். அமைதிப் பேச்சு நடத்துபவர்கள் வான்வழியைத் திறப்பதையும் அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும்.