சிறைச்சாலையும் பாடசாலையும்

சிறைச்சாலை, பாடசாலை ஆகிய இரு சொற்களும் 'சாலை' என்னும் ஒரே ஈற்றைக் கொண்டவை. கூடம் என்னும் பொருளுடைய வடசொல்வழி வந்த இச்சொல், ஒரு செயல் நிகழும் இடத்தைச் சுட்டுகிறது. பாடசாலையில் பாடம் நிகழ்கிறது. தொழிற்சாலையில் தொழில் நிகழ்கிறது. சிறைச்சாலையில் நிகழ்வது யாது? அடைத்துவைத்தல் மட்டுமே என்போமாயின், அதன் பணியில் பாதியையே கூறியவராவோம். மறுபாதிக்குச் சிங்கப்பூர் வரலாறே சான்று தருகிறது.

1825ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் சென்னை மாகாணத்தாரும் இருந்தனர். பின்னர் பிராஸ் பாசா பகுதியில் அவர்களுக்கெனச் சிறை எழுந்தது. அங்கே கைதிகள் ஆறு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டனர். நன்னடத்தையால் ஒருவர் மேல்வகுப்புக்கு உயரலாம். முதல் வகுப்பை எட்டியவர் அனுமதிச் சீட்டுப் பெற்று வெளியே உழைத்து வாழலாம். நம்பிக்கைக்குரிய கைதிகளே பிற கைதிகளுக்குக் காவலராயினர். செங்கல் செய்தல், தச்சு, இரும்புவேலை முதலிய தொழில்களை அவர்கள் அங்கே பயின்றனர். 1862இல் அருட்பொழிவு பெற்ற புனித ஆண்ட்ரூ பேராலயம் அவர்களுடைய உழைப்பில் எழுந்ததே. அதன் சுவர்களுக்குச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கலந்த சென்னைச் சாந்து பூசப்பட்டது.

இதனைப் புகழ்ந்து மட்டும் பேசுதல் நேர்மையாகாது. காலனி அரசுக்கு மலிவான உழைப்பு தேவைப்பட்டது. தொழிற்பயிற்சி அத்தேவையின் விளைவு. 1873இல் அம்முறை முடிவுற்றது. இன்று தானா மேரா சிறையில் இயங்கும் சிறைப்பள்ளியின் நோக்கம் வேறு. அங்கே கைதிகள் வழக்கநிலை, சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகளுக்குப் படிக்கின்றனர். கட்டடம் எழுப்புவதற்காக அன்றி, கற்பவரின் வாழ்வுக்காகவே அக்கல்வி தரப்படுகிறது. சிறை ஒருவரை என்றைக்குமாக வைத்துக்கொள்வதில்லை; பெரும்பாலோர் ஒருநாள் நம் தெருவுக்கே திரும்புவர். அவர் எவ்வாறு திரும்புகிறார் என்பதில் நம் அனைவரின் நலனும் அடங்கியுள்ளது.

ஆயின், அவர் பெற்ற கல்வி பயன்தர வேண்டுமெனில் வெளியே இருக்கும் நாமும் ஒன்றைக் கற்க வேண்டும். 2004இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் சமூகத்திடம் கேட்பதும் அதுவே: மறுவாய்ப்பு. இங்கே நம் இலக்கணம் துணைக்கு வருகிறது. பெயர்ச்சொல் காலம் காட்டாது என்பது பள்ளியிலேயே நாம் படித்த விதி. 'குற்றவாளி' என்பது அத்தகைய பெயர்; அதில் நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. 'குற்றம் செய்தவர்' என்பதிலோ 'செய்தவர்' வினையாலணையும் பெயர். அது இறந்தகாலம் காட்டும். செய்த செயலை அது மறைப்பதில்லை. ஆனால் அச்செயலை அது நிகழ்ந்த காலத்திலேயே நிறுத்துகிறது. தண்டனை முடிந்தபின்னும் ஒருவரைக் காலமற்ற பெயருக்குள் அடைத்துவைப்போமாயின், பூட்டில்லாத இரண்டாம் சிறையைக் கட்டுபவர் நாமே.

ஆசிரியப் பெருமக்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் தந்தையோ தாயோ சிறையில் இருக்கக்கூடும். அப்பிள்ளை அதனை வாய்விட்டுக் கூறாது. எனினும் நாம் ஆளும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருக்கும். வினையாலணையும் பெயரைக் கற்பிக்கும் நாளில் இவ்விரு சொற்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதுவோம். வேறுபாட்டை மாணவர்களே கண்டுகொள்ளட்டும்.