பக்கத்து அறையில் யார்?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் முதலாண்டு மாணவருக்கு விடுதிப் படிவம் வரும். இரவு எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், அறை சுத்தமாக இருக்க வேண்டுமா, போட்டது போட்டபடி கிடந்தால் பரவாயில்லையா என்றெல்லாம் கேட்பார்கள். பல இடங்களில் இன்னொரு கேள்வியும் இருக்கும்: எப்படிப்பட்டவர்களோடு ஒரே தளத்தில் குடியிருக்க ஆசை? இசைப் பிரியர்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், தொழில் தொடங்கத் துடிப்பவர்கள் என்று நீளும் பட்டியலில் விளையாட்டுக்கும் மலையேற்றத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அதை டிக் செய்தால் பக்கத்து அறை, எதிர் அறை, தளம் முழுக்க அதே கட்டத்தை டிக் செய்தவர்கள்தான்.

இதை ஸ்போர்ட்ஸ் கோட்டா விடுதி என்று நினைத்துவிடக் கூடாது. பல்கலைக்கழக அணிக்கு ஆடும் வீரர்களுக்குத் தனிப் பயிற்சியாளர், ஸ்காலர்ஷிப் என்று வேறு உலகம் இருக்கிறது. இங்கே வருகிறவர்கள் ஆசைக்கு விளையாடுகிறவர்கள். மாலையில் வாலிபால், வார இறுதியில் படகு, இலையுதிர் காலத்தில் மலைநடை, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு. தளத்துப் பொறுப்பாளராக ஒரு சீனியர் மாணவர் அங்கேயே தங்குவார். தளத்தினர் சேர்ந்து படிக்கும் பாடம் ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். கூடாரமும் கயாக் படகும் வளாகத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

நம் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களைத் தனியே தங்கவைப்பது ராகிங்கிலிருந்து காப்பாற்ற. அங்கே நிர்வாகத்தை அதிகம் கவலைப்பட வைப்பது தனிமை.

முதல் ஆறு வாரம்

மாணவர்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்ற கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் வின்சென்ட் டின்டோ. 1987-ல் வந்த அவருடைய ‘லீவிங் காலேஜ்’ நூல் இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. பாடத்தோடு ஒட்டாமல் போவதைப் போலவே, வளாகத்து மனிதர்களோடு ஒட்டாமல் போவதும் மாணவரை வெளியே தள்ளுகிறது என்பது அவர் வாதம். இன்னொரு கல்வி ஆய்வாளரான அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984-ல் முன்வைத்த கோட்பாடும் இதையொட்டியதே: கல்லூரி வாழ்க்கையில் ஒருவர் எவ்வளவு நேரத்தையும் உழைப்பையும் போடுகிறாரோ, அந்த அளவுக்குத்தான் அவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

இந்தத் தனிமைக்குச் சட்டென்று கிடைக்கும் மருந்து மது. 1984-ல் வந்த மத்தியச் சட்டத்தின் அழுத்தத்தால் நாடு முழுவதும் மது வாங்கும் வயது 21 ஆனது. இருந்தும் 18 வயதுக்காரர்களின் பார்ட்டிகள் நிற்கவில்லை. மது ஆய்வுக்கான அமெரிக்கத் தேசிய நிறுவனமே, முதலாண்டின் முதல் ஆறு வாரங்களை ஆபத்தான காலம் என்று எச்சரிக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு பார்ட்டிக்குப் போகாதவருக்கு வேறு போக்கிடம் வேண்டும். சனிக்கிழமை விடிகாலையில் மலைக்குக் கிளம்பும் வேன் அப்படி ஒரு போக்கிடம்.

யோசனை பழையது

அமெரிக்காவில் ஒரே கூரையின்கீழ் வாழ்வதையும் படிப்பதையும் இணைக்கும் முயற்சிக்கு வயது நூறை நெருங்குகிறது. 1927-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கல்வியாளர் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் தொடங்கிய பரிசோதனைக் கல்லூரியில் மாணவர்கள் ஒரே விடுதியில் தங்கினார்கள். ஆசிரியர்களின் அலுவலகங்களும் அங்கேயே இருந்தன. முதலாண்டு முழுக்கப் பண்டைய ஏதென்ஸ்தான் பாடம். 1932-ல் அது மூடப்பட்டாலும் எண்ணம் பிழைத்துக்கொண்டது.

விளையாட்டின் கதை தனிக்கிளை. மாணவர்கள் தங்களுக்குள் ஆடும் போட்டிகளுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகம் 1928-ல் ஒரு கட்டடம் எழுப்பியது. டார்ட்மவுத் கல்லூரியில் புதிய மாணவர்களை வகுப்பு தொடங்கும் முன்பே சிறு குழுக்களாகக் காட்டுக்கும் மலைக்கும் அனுப்பும் வழக்கம் 1935-லிருந்து இருக்கிறது. 1950-ல் நியூ ஆர்லியன்ஸின் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் வாசன் வளாக விளையாட்டு பற்றி ஒரு மாநாட்டைக் கூட்டினார். 11 கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து 22 பேர் வந்தார்கள். வளாக விளையாட்டுத் துறையினரின் இன்றைய தேசிய அமைப்பான நிர்சா, இனப் பாகுபாடு கோலோச்சிய காலத்தில் அந்த அறையில் பிறந்ததுதான்.

வெர்மான்ட்டின் சோதனை

இந்த இரண்டு கிளைகளும் அழுத்தமாகச் சேர்ந்த இடங்களில் ஒன்று வெர்மான்ட் பல்கலைக்கழகம். ஒருபுறம் சாம்ப்லேன் ஏரி, மறுபுறம் பசுமை மலைத்தொடர் என்று பர்லிங்டன் நகரில் இயற்கை வாசலிலேயே நிற்கிறது. அங்கே மனநல மருத்துவர் ஜிம் ஹட்ஸியாக் 2015-ல் ‘வெல்னஸ் என்விரான்மென்ட்’ என்ற விடுதித் திட்டத்தைத் தொடங்கினார். விடுதிக்குள் மதுவும் போதைப்பொருளும் கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் மாணவர்கள் சேர வேண்டியிருந்தது. பதிலுக்கு ஜிம் வசதி, உடற்பயிற்சி ஆலோசகர், யோகா, தியானம், இசைப் பயிற்சி எல்லாம் இருந்தன. மூளையையும் உடலையும் பற்றிய பாடத்தையும் முதல் பருவத்திலேயே படிக்க வேண்டியிருந்தது.

‘குடிக்காதே’ என்று சொல்லி 18 வயதுக்காரரைத் திருத்த முடியாது என்பது ஹட்ஸியாக்கின் கணக்கு. நல்ல பழக்கத்துக்கு ஊக்கம் கொடுத்தால் அது தானே இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினார். சிறிதாகத் தொடங்கிய திட்டம் சில ஆண்டுகளிலேயே பல மடங்கு வளர்ந்தது.

தொற்றிக்கொள்ளும் பழக்கம்

கூட இருப்பவர் நம்மை மாற்றுகிறாரா? இதை அளப்பது கடினம், ஏனென்றால் நண்பர்களை நாமே தேர்ந்தெடுக்கிறோம். அறைத்தோழரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் கல்லூரிகள் பொருளாதார அறிஞர்களுக்கு அதை அளக்கும் வாய்ப்பைத் தந்தன. டார்ட்மவுத் மாணவர்களை வைத்து புரூஸ் சாசர்டோட் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், அறைத்தோழரின் தாக்கம் மதிப்பெண்ணிலும் மாணவர் சங்கங்களில் சேரும் முடிவிலும் தெரிந்தது. கிரெமர், லெவி இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரிக்கு வரும் முன்பே குடித்துப் பழகியவரோடு அறை பகிர்ந்த ஆண்களின் சராசரி மதிப்பெண் சுமார் கால் புள்ளி குறைந்ததைக் காட்டியது.

நம் விஷயத்துக்கு நெருக்கமானது, அமெரிக்க விமானப்படை அகாடமி மாணவர்களை வைத்து 2011-ல் வெளியான ஆய்வு. உடல்தகுதியும் நண்பர்களிடமிருந்து தொற்றுகிறது என்று அது கண்டது. யார் அதிகம் தொற்ற வைக்கிறார்கள் தெரியுமா? குழுவிலேயே தகுதி மிகக் குறைந்தவர்கள்! சுறுசுறுப்பை விட மந்தம்தான் வேகமாகப் பரவுகிறது.

அப்படியென்றால் நன்றாகப் படிப்பவரையும் தடுமாறுபவரையும் வேண்டுமென்றே ஒரே குழுவில் போட்டால்? அதே அகாடமியில் அதையும் செய்து பார்த்தார்கள். 2013-ல் வந்த முடிவு ஆய்வாளர்களையே திகைக்க வைத்தது. தடுமாறியவர்கள் மேலும் பின்தங்கினார்கள். ஒரே குழுவில் இருந்தும் கெட்டிக்காரர்கள் தங்களுக்குள்ளும் மற்றவர்கள் தங்களுக்குள்ளும் ஒதுங்கிவிட்டார்கள்.

யாருக்காக இந்த விடுதி?

விளையாட்டு விடுதிகள் கவனிக்க வேண்டிய பாடம் இதுதான். ஒரே தளத்தில் குடியமர்த்துவது பாதி வேலை. எட்டு வயதிலிருந்தே பனிச்சறுக்கு ஆடிய பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஒரு கூட்டமாகவும், பனியையே பார்த்திராதவர்கள் இன்னொரு கூட்டமாகவும் பிரிய எத்தனை நாள் ஆகும்? விரும்பி வருகிறவர்கள் ஏற்கெனவே சுறுசுறுப்பானவர்கள் என்பதால், அவர்களுடைய நல்ல மதிப்பெண்ணுக்கு விடுதிதான் காரணம் என்று அடித்துச் சொல்வதும் சிரமம். டியூக் பல்கலைக்கழகம் 2018-ல் நேரெதிர்த் திசையில் நடந்தது: முதலாண்டு மாணவர்கள் அறைத்தோழரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை நீக்கி, குலுக்கலுக்கு மாறியது. ஒரே மாதிரிப் பின்னணியினர் சேர்ந்துகொள்வதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

பணம் கொட்டினாலும் மாணவர்கள் ஒட்டாமல் ஒதுங்கும் சிக்கல் தீர்ந்துவிடாது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 8.5 கோடி டாலர் செலவில் விளையாட்டு மையத்தைப் புதுப்பித்து, தன் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகள் வடிவிலேயே ஒரு செயற்கை நீரோடையை 2017-ல் திறந்தது. செலவு மாணவர்களின் கட்டணத்திலிருந்து. ஓடை அழகுதான். ஆனால் அறைக்குள் முடங்கிக் கிடப்பவரைக் கதவைத் தட்டி அழைத்துவர அதற்குத் தெரியாது.

ஆகவே பிள்ளையை இப்படிப்பட்ட விடுதிக்கு அனுப்ப நினைப்பவர்கள் மலையேற்றப் பயிற்சிச் சுவரின் உயரத்தையும் ஜிம்மின் பரப்பையும் விசாரிப்பதோடு நிற்க வேண்டாம். நீச்சல் தெரியாதவருக்குப் படகுப் பயணத்தில் இடம் உண்டா? கருவி வாடகைக்குப் பணமில்லாதவருக்கு என்ன வழி? ஒரே அணியில் போட்ட பிறகும் தொடக்கநிலையினரும் தேர்ந்தவர்களும் தனித்தனியே ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? இவற்றுக்குத் தெளிவான பதில் இருக்கும் விடுதியில், விளையாடத் தெரியாத பிள்ளையைத் தயங்காமல் சேர்க்கலாம்.