கேமிங் மவுஸ் வாங்கினால் கேமில் ஜெயிக்கலாமா?

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தீபாவளிக்கு அவனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து எனக்குப் போன் வந்தது. "மாமா, கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடினா தினமும் நான்தான் முதல்ல சாகிறேன். இந்த முந்நூத்தம்பது ரூபாய் மவுஸ்தான் காரணம். நாலாயிரத்து ஐநூறுக்கு ஒரு கேமிங் மவுஸ் பார்த்து வச்சிருக்கேன். பதினாறாயிரம் டி.பி.ஐ.! அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றான்.

பின்னாலேயே அக்கா போனை வாங்கினார். "செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்து வச்ச பணத்துலதான்டா கேக்கிறான். நிஜமாவே அது தேவையா?" என்று கேட்டார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நண்பர் ஒருவரிடம் இருந்த அதே ரக கேமிங் மவுஸை இரவல் வாங்கிக் கொண்டு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே பார்த்ததையும் சோதித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும்.

மவுஸ் எப்படி வேலை செய்கிறது?

டக்ளஸ் எங்கல்பர்ட் குழுவினர் 1964இல் உருவாக்கிய முதல் மவுஸ் மரப்பெட்டியால் ஆனது. அடியில் இரண்டு சக்கரங்கள் இருந்தன. பிறகு ரப்பர் பூசிய உருண்டை வைத்த மவுஸ் வந்தது. 1999இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் உருண்டை இல்லாத ஆப்டிகல் மவுஸைப் பரவலாக்கியது. இன்று நாம் பயன்படுத்துவது அந்த வகைதான்.

ஆப்டிகல் மவுஸின் அடியில் ஒரு சிறிய விளக்கும், ஒரு சிறிய கேமராவும் இருக்கின்றன. இந்தக் கேமராவை சென்சார் என்பார்கள். இது மேஜைப் பரப்பை ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான முறை படம் எடுக்கிறது. முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, மவுஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. ஆகவே பரப்பில் சொரசொரப்போ கோடுகளோ ஏதாவது இருக்க வேண்டும். வழவழப்பான கண்ணாடியில் ஒப்பிட எதுவும் இல்லாததால் சென்சார் தடுமாறும்.

அக்கா வீட்டில் நான் முதலில் கவனித்ததே இதைத்தான். கம்ப்யூட்டர் டேபிளின் மேற்பரப்பு கண்ணாடி. மவுஸ் பேட் கிடையாது. பாயிண்டர் அவ்வப்போது துள்ளிக் குதித்தது. இரவல் வாங்கிய கேமிங் மவுஸை மாட்டிப் பார்த்தோம். அதுவும் குதித்தது! (கண்ணாடியிலும் வேலை செய்யும் மவுஸ்கள் உண்டு. ஆனால் எல்லா கேமிங் மவுஸும் அப்படி இல்லை.) பக்கத்துக் கடையில் 200 ரூபாய்க்குத் துணி மவுஸ் பேட் வாங்கி வந்து போட்டோம். இரண்டு மவுஸும் ஒழுங்காக ஓடின.

டி.பி.ஐ. என்றால் என்ன?

மவுஸ் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் இதுதான். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை எண்ணிக்கைகளைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் என்பதே டி.பி.ஐ. சாதாரண நிலையில் ஓர் எண்ணிக்கைக்கு பாயிண்டர் ஒரு பிக்ஸல் நகரும் என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் மானிட்டரின் அகலம் 1920 பிக்ஸல்கள் என்றால் கணக்கு இப்படி வரும்:

800 டி.பி.ஐ. மவுஸ்: திரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக கை 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 சென்டிமீட்டர் நகர வேண்டும்.

16,000 டி.பி.ஐ. மவுஸ்: அதே தூரத்துக்கு 0.12 அங்குலம், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர் போதும்.

3 மில்லிமீட்டருக்குள் திரை முழுவதையும் கடக்கும் மவுஸை வைத்துக்கொண்டு எதிரியின் தலையைக் குறி பார்க்க முடியுமா? கை லேசாக நடுங்கினாலே குறி தப்பிவிடும். இப்படி மவுஸ் வாங்கியவர்கள் கேமுக்குள் சென்று சென்சிடிவிட்டியைக் குறைத்துக் கொள்கிறார்கள். 800 டி.பி.ஐ.யில் சென்சிடிவிட்டி 1 வைப்பதும், 16,000 டி.பி.ஐ.யில் 0.05 வைப்பதும் கணக்கில் ஒன்றுதான். பெருக்கிப் பாருங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் பரிசுப் பணத்துக்காகப் போட்டியிடும் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது 400 அல்லது 800 டி.பி.ஐ.தான். இதைச் சொன்னபோது அக்கா மகன் நம்பவில்லை. இன்டர்நெட்டில் அவனே தேடிப் பார்த்த பிறகு அமைதியாகி விட்டான்.

போலிங் ரேட் என்றால் என்ன?

மவுஸ் தன் நகர்வை வினாடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கிறது என்பதே போலிங் ரேட். சாதாரண யு.எஸ்.பி. மவுஸ் வினாடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லி செகண்டுக்கு ஒரு முறை தெரிவிக்கும். கேமிங் மவுஸ் 1000 முறை, அதாவது ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும் தெரிவிக்கும். இந்த வித்தியாசம் உண்மையானது. ஆனால் அதிகபட்சம் 7 மில்லி செகண்ட்தான். திரையில் எதிரியைக் கண்டு விரல் பட்டனை அழுத்தவே நமக்கு ஏறத்தாழ 200 மில்லி செகண்ட் ஆகிறது. தேர்ந்த இருவர் மோதும்போது இந்த 7 மில்லி செகண்ட் ஒருவேளை உதவலாம். ஒரு மாதமாக விளையாடும் பையனுக்கு உதவாது.

நாங்கள் செய்த சோதனை

புது மவுஸ் வந்த உற்சாகத்தில் நன்றாக ஆடுவது உண்டு. ஆட ஆடப் பழக்கத்தாலும் முன்னேற்றம் வரும். எனவே ஒரு மவுஸில் முழுவதும் ஆடிவிட்டுப் பிறகு அடுத்ததில் ஆடினால் எதனால் முன்னேற்றம் வந்தது என்று தெரியாது. ஆகவே மாற்றி மாற்றி ஆட வைத்தேன். இலக்குகளைச் சுட்டுப் பழகும் இலவசப் பயிற்சி கேம் ஒன்றில் பழைய மவுஸில் ஓர் ஆட்டம், கேமிங் மவுஸில் ஓர் ஆட்டம் என்று மாலை வரை ஆடினான். இரண்டையும் ஒரே மவுஸ் பேடில் வைத்து, பாயிண்டர் ஒரே வேகத்தில் நகரும்படி செட் செய்திருந்தோம். புள்ளிகளை நான் ஒரு தாளில் குறித்துக் கொண்டேன்.

முடிவில் மவுஸின் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு அந்தத் தாளை அவனிடம் காட்டினேன். எந்தப் புள்ளி எந்த மவுஸுக்கு என்று அவனால் சொல்ல முடியவில்லை. மாலையில் எடுத்த புள்ளிகள் காலையைவிட அதிகம். அது இரண்டு மவுஸிலும் அதிகம்!

காலையில் கண்ணாடி மேல் எடுத்த புள்ளிகளுக்கும் மவுஸ் பேடில் எடுத்த புள்ளிகளுக்கும் இருந்த இடைவெளி மட்டும் பார்த்தவுடனே தெரிந்தது.

பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்

1. மவுஸுக்கு அடியில் பேட் போடுங்கள். சென்சார் துவாரத்தில் முடியோ தூசியோ இருந்தால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

2. விண்டோஸில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து மவுஸ் என்பதை கிளிக் செய்யவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் 'பாயிண்டர் ஆப்ஷன்ஸ்' டேபைத் தேர்ந்தெடுக்கவும். அதில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரசிஷன்' என்பதன் எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கொடுக்கவும். இந்த டிக் இருந்தால், மவுஸை வேகமாக நகர்த்தும்போது பாயிண்டர் கூடுதல் தூரம் ஓடும். அதனால் கைக்குத் தூரம் பழகாது. புதிய கேம்கள் பலவும் விண்டோஸைத் தாண்டி மவுஸிடமிருந்து நேரடியாகவே தகவலைப் பெறுகின்றன. அவற்றில் இது பாதிக்காது. பழைய கேம்களில் பாதிக்கும்.

3. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்', பிறகு 'அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே' செல்லவும். அங்கே 'ரெஃப்ரெஷ் ரேட்' எவ்வளவு என்று பாருங்கள். அக்கா மகனின் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் திறன் கொண்டது. ஆனால் 60 ஹெர்ட்ஸில் ஓடிக் கொண்டிருந்தது! 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு முறைதான் புதுப் படம் திரைக்கு வரும். 144இல் 6.9 மில்லி செகண்டுக்கு ஒரு முறை வரும். அந்தப் பணத்தை ஏற்கெனவே கொடுத்தாகி விட்டது. செட்டிங்ஸை மாற்றியதும், "மாமா, இப்ப வழுக்கிட்டுப் போகுது!" என்றான்.

4. வயர்லெஸ் மவுஸ் என்றால் அதன் ரிசீவரைக் கேபினட்டின் பின்புறம் யு.எஸ்.பி. 3.0 போர்ட்டுகளுக்கு அருகே செருகாதீர்கள். அந்தப் போர்ட்டுகளில் டிரைவ் ஏதும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடையூறு ஏற்படும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் விளக்கியுள்ளது. முன்பக்கம், மவுஸுக்கு அருகில் உள்ள போர்ட்டில் செருகுங்கள்.

5. ஒரு டி.பி.ஐ., ஒரு சென்சிடிவிட்டி என்று முடிவு செய்து, குறைந்தது சில வாரங்களாவது மாற்றாமல் ஆடுங்கள். தோற்கும்போதெல்லாம் மாற்றினால் கை எதற்குமே பழகாது.

அப்படியானால் கேமிங் மவுஸ் ஏமாற்றா?

இல்லை. இரவல் மவுஸ் கையில் நன்றாகப் பொருந்தியது என்று அக்கா மகன் சொன்னான். எடையும் குறைவு. பக்கவாட்டில் இரண்டு கூடுதல் பட்டன்கள் இருந்தன. நீண்ட நேரம் விளையாடுபவர்களுக்கு இவை வசதிதான். உங்கள் மவுஸ் பேட் மேலும் குதித்தாலோ, ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை கிளிக் ஆனாலோ மாற்றியே ஆக வேண்டும். அப்போது டி.பி.ஐ. எண்ணைப் பார்க்காமல், கடையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். வண்ண விளக்குகளாலும், தங்க முலாம் பூசிய யு.எஸ்.பி. முனையாலும் குறி பார்க்கும் திறன் கூடாது. தங்கம் கறுக்காது, அவ்வளவுதான்.

அக்காவிடம், "ஃபீஸைக் கட்டிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் பையன் போன் செய்தான். இப்போதும் சில நாட்கள் முதலில் சாகிறானாம். ஆனால் மவுஸைக் குறை சொல்வதை விட்டுவிட்டான்.