ஆறே மாதம் ஓடிய குட்டி ரெயில்!
திவாலான கம்பெனியின் என்ஜின்கள் இன்னொரு ஊரை வாழ வைத்த கதை

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இடைவெளி 2 அடிதான். சிறு பிள்ளைகூட ஒரே எட்டில் தாண்டிவிடும்.

இந்தக் குட்டிப் பாதையிலும் ஒரு ரெயில் ஓடியது. அமெரிக்காவில், போஸ்டன் நகருக்கு அருகே!

பில்லரிக்கா, பெட்போர்டு என்று அங்கே இரண்டு ஊர்கள். அந்தப் பக்கம் ஏற்கனவே ரெயில் உண்டு. ஆனால் பில்லரிக்கா ஊரின் நடுப்பகுதிக்கு அது வரவில்லை. பெரிய பாதை போடப் பணமும் இல்லை.

வேல்சில் கண்ட காட்சி

அப்போது ஜார்ஜ் மான்ஸ்பீல்டு என்பவர் ஒரு யோசனை சொன்னார்.

அவர் பிரிட்டனில் வேல்ஸ் பகுதிக்குப் போய் வந்தவர். அங்கே மலையிலிருந்து பலகைக்கல் ஏற்றி வரும் குட்டி ரெயிலைப் பார்த்தார். அதன் பாதை ஏறத்தாழ 2 அடி அகலம்.

அமெரிக்காவில் பெரும்பாலான பாதைகளின் அகலம் 4 அடி 8½ அங்குலம். பாதை குறுகினால் செலவும் குறையும். தண்டவாளம் கனம் வேண்டாம். என்ஜின் சிறியதாக இருந்தால் போதும். குன்று வந்தால் குடைய வேண்டாம், வளைந்து போய்விடலாம்.

ஊர் மக்கள் நம்பினார்கள். 1876-ம் ஆண்டு கம்பெனி தொடங்கியது.

ஏரியல், பக்

பாதையின் நீளம் எட்டரை மைலுக்குச் சற்று அதிகம். என்ஜின்கள் இரண்டே இரண்டு. ஒன்றின் பெயர் ஏரியல். மற்றொன்று பக். இரண்டும் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் குறும்புக்காரத் தேவதைகளின் பெயர்கள்!

தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் தனி வண்டி கிடையாது. எல்லாம் என்ஜினோடு சேர்ந்தே இருந்தன. பெட்டிக்குள் வழியின் இரு பக்கமும் ஒருவர் மட்டுமே உட்காரும் ஆசனங்கள்.

1877 நவம்பர் 28-ந் தேதி ரெயில் ஓடத் தொடங்கியது.

கம்பெனி திவால்!

ரெயில் நன்றாகத்தான் ஓடியது. பணம்தான் ஓடி வரவில்லை.

பாதை போட்ட செலவுக்குப் பங்குப் பணம் போதவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. 1878 ஜூன் மாதத்தோடு ரெயில் நின்றது. ஆயுள் ஆறே மாதம்!

என்ஜின்கள், பெட்டிகள், தண்டவாளங்கள் எல்லாம் விற்பனைக்கு வந்தன.

பிலிப்ஸ் ஊரின் கெடு

வடக்கே மெயின் மாநிலத்தில், காடுகளுக்கு நடுவே பிலிப்ஸ் என்று ஒரு சிற்றூர். மரம் நிறைய உண்டு. கொண்டுபோக ரெயில் இல்லை.

மான்ஸ்பீல்டு அங்கே போனார். ஒரு கம்பெனியைத் திவாலாக்கிய யோசனையை யார் கேட்பார்கள்? பிலிப்ஸ் மக்கள் கேட்டார்கள்!

"சாண்டி ரிவர்" என்ற கம்பெனி உருவானது. பில்லரிக்காவின் சாமான்களை வாங்கியது. பார்மிங்டன் ஊரிலிருந்து பிலிப்ஸ் வரை 18 மைல் பாதை.

பணம் தர ஊர் மக்கள் சம்மதித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. 1879 நவம்பர் 20-ந் தேதிக்குள் ரெயில் ஊருக்கு வந்து சேர வேண்டும். தவறினால் பணம் இல்லை!

தொழிலாளர்கள் அவசர அவசரமாகத் தண்டவாளம் போட்டார்கள். கெடு முடியும் நாளில் ரெயில் வந்துவிட்டது. ஊர்ப் பணமும் கைக்கு வந்தது.

நூறு மைலுக்கு மேல்

இந்தத் தடவை யோசனை பலித்தது. சுமக்க மரம் இருந்தது. ரெயிலுக்கு வேலை இருந்தது.

மெயினில் வேறு ஊர்களும் 2 அடிப் பாதை போட்டன. 1908-ல் சாண்டி ரிவர் பக்கத்துக் கம்பெனிகளோடு இணைந்தது. அந்தக் குட்டிப் பாதைகளின் மொத்த நீளம் நூறு மைலைத் தாண்டியது.

பிறகு மோட்டார் லாரிகள் வந்தன. சரக்கு குறைந்தது. 1935-ல் அந்த ரெயிலும் நின்றது.

பில்லரிக்காவுக்கும் பெட்போர்டுக்கும் நடுவே பழைய ரெயில் தடத்தின் ஒரு பகுதியில் இன்று மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். பிலிப்சில் ரெயில் பிரியர்கள் கொஞ்ச தூரம் மீண்டும் தண்டவாளம் போட்டு, குட்டி ரெயில் ஓட்டுகிறார்கள்.

ஆறு மாதத்தில் படுத்த கம்பெனியின் யோசனை, இன்னொரு ஊருக்கு 56 ஆண்டு சோறு போட்டது!